மழைக்கு முன்னே விறகு அடுக்குங்கள்

(வேத பாடம்: லேவியராகமம் 6:8-13, பிரசங்கி 10:9, 10, நெகேமியா 10:34)



எழுப்புதல் அக்கினியைப்பற்றி நாம் அதிகமாய்ப் பாடுகிறோம். உபவாசக் கூட்டங்களில் அக்கினி இறங்க வேண்டுமென்று கண்ணீரோடு ஜெபிக்கிறோம். நல்லதுதான், கர்த்தருக்கு மகிமை! ஆனால் விறகைப்பற்றிப் பிரசங்கம் கேட்டிருக்கிறீர்களா? வேதத்தில் அக்கினி எரிந்த பல இடங்களில் யாரோ ஒருவர் விறகு சுமந்து வந்திருக்கிறார். இந்த மாதம் அதைத்தான் தியானிக்கப்போகிறோம்.

லேவியராகமம் 9:24-ஐ வாசித்துப் பாருங்கள். பலிபீடத்தின்மேல் அக்கினி கர்த்தருடைய சந்நிதியிலிருந்து வந்தது. அதை ஆரோன் மூட்டவில்லை. ஆனால் 6-ம் அதிகாரம் 12-ம் வசனத்தில், ஆசாரியன் காலைதோறும் அதன்மேல் விறகு போட வேண்டுமென்று கட்டளை இருக்கிறது. அக்கினி பரலோகத்தின் வேலை, விறகு ஆசாரியனுடைய வேலை. கர்த்தர் அனுப்பின அக்கினிக்கே தினமும் விறகு தேவைப்பட்டது என்றால், கூட்டத்தில் நாம் பெற்ற அக்கினி வீட்டில் தானாக எரியுமா?

"எலியா விறகின்மேல் தண்ணீரை ஊற்றின பிறகும் அக்கினி இறங்கினதே, பிரதர்!" என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான். கர்த்தர் நினைத்தால் ஈர விறகு மட்டுமல்ல, கல்லும் மண்ணும்கூட எரியும். ஆனால் கர்மேலில் நடந்தது ஒருநாள் அற்புதம். வழிதப்பின ஜனத்தை ஒரே நாளில் திருப்புவதற்காகக் கர்த்தர் அதைச் செய்தார். ஆசரிப்புக் கூடாரத்துப் பலிபீடமோ இரவும் பகலும் எரிய வேண்டியது. அதற்கு அவர் நியமித்த வழி, காலைதோறும் விறகு.

நான் நீலகிரியில் பிறந்து வளர்ந்தவன். என் தகப்பனார் தேயிலைத் தோட்டத்தில் விறகு வெட்டுகிற வேலை பார்த்தவர். அவர் கையினால் கற்றுக்கொண்ட காரியங்களை வேத வசனத்தோடு சேர்த்து எழுதுகிறேன். சமவெளியில் இருக்கிறவர்களுக்கு விறகு இன்று பழைய கதையாகத் தோன்றலாம். எங்கள் மலையிலும் கேஸ் அடுப்பு வந்துவிட்டது. ஆனாலும் ஊட்டி சுமார் 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை உறைபனி விழும். விடியற்காலையில் புல்லெல்லாம் உப்புக் கொட்டினதுபோல் வெளுத்திருக்கும். வெந்நீர் வைக்கவும் குளிர்காயவும் விறகில்லாத ஏழை வீட்டில் வயதானவர்கள் படுகிற பாடு, பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

1. எந்த மரம், யாருடைய மரம்?

நீலகிரியில் விறகு என்றால் முக்கியமாய் இரண்டு மரங்கள். ஒன்று சீகை மரம். இன்னொன்று கற்பூர மரம், சமவெளியில் தைல மரம் என்கிறோமே, அந்த ஜாதிதான். இரண்டும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவை. வெள்ளைக்காரர்கள் இங்கே குடியேறி, சோலைக்காட்டு மரங்களை விறகுக்கு வெட்டிவெட்டிக் குறைத்துவிட்ட காலத்தில், 1843 வாக்கில் கற்பூர மரத்தைக் கொண்டுவந்து நட்டார்கள். சீகை நன்றாகப் பிளக்கும், நின்று எரியும். கற்பூர மரம் சூடு அதிகம், ஆனால் காய நாளாகும். அடுப்புப் பற்றவைக்க, தேயிலைச் செடியைக் கவாத்து பண்ணும்போது கிடைக்கிற குச்சி போதும்.

மரம் நின்றால் வெட்டிவிடலாம் என்று எண்ணக்கூடாது. காப்புக் காட்டில் அனுமதியில்லாமல் வெட்டுவது திருட்டு. பட்டா நிலத்து மரத்துக்கும் சட்டம் உண்டு. மலைப்பகுதி மரங்களைப் பாதுகாக்க 1955-ல் போட்ட சட்டம் இங்கே இருக்கிறது. அனுமதி வாங்கி வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் விறகுக் கடையில் காசு கொடுத்து வாங்க வேண்டும். தாவீது அர்வனாவின் களத்தில் என்ன செய்தான்? மாடுகளும் விறகும் இலவசமாய்க் கிடைத்தும், கிரயம் கொடுத்தே வாங்கினான் (2 சாமுவேல் 24:22-24). தேவ பிள்ளையே, பலிபீடத்துக்குத் திருட்டு விறகு வேண்டாம். மற்றவருடைய பிரசங்கத்தைத் தன்னுடையது என்று சொல்லுகிறதும், செய்யாத உபவாசத்தைச் செய்ததாகச் சாட்சி சொல்லுகிறதும் திருட்டு விறகுதான்.

2. வெட்டுகிற காலம்

ஊட்டி, கூடலூர் பக்கத்தில் ஜூனில் தென்மேற்குப் பருவமழை பிடித்தால் செப்டம்பர்வரை விடாது. குன்னூர், கோத்தகிரி பக்கத்தில் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழை. அது ஓய்ந்ததும் பனி. ஆகவே விறகு காய்கிறதற்குக் கிடைப்பது ஜனவரி முதல் மே வரைக்குமான காலம்தான். பனிக்காலத்தின் நடுவிலேயே, அதாவது ஜனவரி, பிப்ரவரியிலேயே, வரப்போகிற மழைக்கும் அடுத்த பனிக்கும் விறகு வெட்டிவிட வேண்டும். குளிர் வந்த பிறகு கோடாரியைத் தேடுகிறவனுக்குப் பச்சை மரம்தான் கிடைக்கும்.

அப்போதுதான் வெட்டின மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். ஒரு கிலோ பச்சை விறகை அடுப்பில் வைத்தால் அரை லிட்டர் தண்ணீரையும் சேர்த்து வைக்கிறோம். அந்தத் தண்ணீர் ஆவியாகிறவரைக்கும் சூடு அதற்கே போய்விடும். வீட்டுக்கு வருவது புகைதான். அந்தப் புகை, புகைபோக்கியின் உள்ளே கரிய பிசினாகப் படியும். பிற்பாடு அதுவே தீப்பிடித்துக் கூரையை எரித்துவிடுவதும் உண்டு. அப்பா சொல்லுவார்: "பச்சை விறகை வெச்சுக்கிட்டு நெருப்பைத் திட்டாதேடா."

எத்தனை விசுவாசிகள் நெருப்பைத் திட்டுகிறார்கள்! "சபையில் அபிஷேகம் இல்லை, பாஸ்டர் ஐயா முன்போல் ஜெபிக்கிறதில்லை" என்கிறார்கள். ஆனால் சுகமாயிருந்த நாட்களில் வேதத்தைத் திறக்கவில்லை, முழங்காலில் நிற்கவில்லை. வியாதியும் கடனும் வந்த அன்றைக்கு அவசர அவசரமாய் ஒரு கட்டு வாக்குத்தத்தத்தைச் சேர்க்கிறார்கள். வாக்குத்தத்தம் மெய்யானது. அது நமக்குள் தங்கி ஊறக் காலம் வேண்டும். பவுல் சிறையிலிருந்து தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, விட்டுவந்த மேலங்கியை எடுத்துவரச் சொல்லுகிறார், குளிர் தொடங்குமுன் வந்துவிடவும் சொல்லுகிறார் (2 தீமோத்தேயு 4:13, 21). அவ்வளவு பெரிய அப்போஸ்தலனுக்கும் குளிருக்கு முன்யோசனை இருந்தது.

3. பிளக்கிற விதம்

உருண்டைக் கட்டை லேசில் காயாது. பட்டை ஈரத்தை உள்ளேயே அடைத்து வைக்கும். அதனால் பிளக்க வேண்டும். கற்பூர மரத்தை வெட்டின கையோடே பிளந்துவிட வேண்டும். காயவிட்டால் இரும்பாய் இறுகி, கோடாரி தெறிக்கும். கடின இருதயமும் அப்படித்தான். கர்த்தர் உணர்த்தின அன்றைக்கே உடைந்தால் ஒரு அடியில் காரியம் முடியும். நாள் கடத்தக் கடத்த சம்மட்டியும் ஆப்பும் தேவைப்படும்.

கட்டையை அடிக்கட்டையின்மேல் நிறுத்துங்கள். அதன் முகத்தைப் பாருங்கள். எங்கேயாவது இயற்கையாய் வெடித்திருக்கும். அந்த வெடிப்பிலேயே வெட்டுங்கள். கணுவின்மேல் போடாதேயுங்கள். கட்டை பெரிதென்றால் நடுவில் மோதாமல் ஓரத்திலிருந்து பிளந்து வாருங்கள். கால்களை அகற்றி நில்லுங்கள். எதிரே பிள்ளைகளை நிற்கவிடாதேயுங்கள்.

பிரசங்கி 10:9-ல் மரம் பிளக்கிறவனுக்கு ஆபத்து உண்டென்று ஞானி எச்சரிக்கிறான். அடுத்த வசனத்தில் மழுங்கின ஆயுதத்தைத் தீட்டாவிட்டால் பலம் அதிகம் வேண்டியிருக்கும் என்கிறான். மழுங்கின கோடாரி மரத்தில் இறங்காமல் வழுக்கிக் காலில் வரும். அப்பா வேலைக்குப் போகிறதற்குமுன் உட்கார்ந்து கோடாரி தீட்டுவார். தீட்டுகிற நேரம் வீணல்ல. காலை ஜெபத்தில் செலவிடுகிற அரைமணி நேரம் அந்த நாளுக்கான சாணைக்கல்.

உபாகமம் 19:5-ல் இன்னொரு எச்சரிப்பு. கோடாரி காம்பைவிட்டுக் கழன்று பக்கத்தில் நின்றவனைக் கொன்றுபோட்ட காரியம் அங்கே சொல்லப்படுகிறது. வெட்டினவனுக்குப் பகை இல்லை, ஆனாலும் ஒரு உயிர் போயிற்று. வெட்டுமுன் காம்பை அசைத்துப் பாருங்கள். பெலமாய் ஊழியம் செய்கிறவர்களே, உங்கள் வார்த்தை அன்பென்னும் காம்பில் இறுகி இருக்கிறதா? வைராக்கியத்தோடு வீசின ஒரு சொல் கழன்றுபோய், பக்கத்தில் நின்ற இளம் விசுவாசியைச் சாய்த்துவிட்ட சம்பவங்களைச் சபைகளில் பார்க்கிறோமே.

ஆபிரகாம் மோரியாவுக்குப் புறப்பட்ட காலையில், வீட்டிலேயே கட்டைகளைப் பிளந்துகொண்டுதான் போனான் (ஆதியாகமம் 22:3). மூன்று நாள் பயணம். போகிற இடத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று அவன் நினைக்கவில்லை. கீழ்ப்படிகிறதற்கு விறகில்லை என்று சாக்குச் சொல்ல அவனுக்கு வழியே இல்லை.

4. அடுக்கி வைத்தல்

பிளந்த விறகைக் குவித்துப்போட்டால் அடியிலிருப்பது மக்கும். முதலில் இரண்டு வரிசை கல் வைத்து, அதன்மேல் இரண்டு நீளக் கம்புகளைப் போடுங்கள். விறகு மண்ணைத் தொடக்கூடாது. தொட்டால் ஈரமும் கரையானும் ஏறும். இரு முனையிலும் குறுக்கும் நெடுக்குமாய் அடுக்கினால் சரியாது. நடுவில் காற்றுப் போக இடம்விட்டு வரிசையாய் வையுங்கள். சுவரோடு ஒட்டி வைக்காமல் ஒரு சாண் தள்ளி வையுங்கள். மேலே தகரம் போட்டு மூடுங்கள், ஆனால் பக்கங்களை மூடாதேயுங்கள். தார்ப்பாயால் முழுவதும் சுற்றிக்கட்டினால் ஈரம் உள்ளேயே நின்று பூஞ்சணம் பிடிக்கும். மழைக்கு மறைவு, காற்றுக்குத் திறப்பு, இரண்டும் வேண்டும். சபை ஐக்கியமும் அப்படித்தான். உலகத்துக்கு மறைத்து, ஆவியானவருடைய காற்றுக்குத் திறந்து வைக்க வேண்டும்.

விறகு எடுக்கும்போது இருட்டில் கையை நுழைக்காதீர்கள். பாம்பும் தேளும் தங்குகிற இடம் அது. மெலித்தா தீவில் மழையும் குளிருமாயிருந்தபோது பவுல் தாமே விறகு பொறுக்கினார். அந்தக் கட்டிலிருந்துதான் விரியன் வந்தது (அப்போஸ்தலர் 28:2, 3). விறகு பொறுக்குகிறவனைத்தான் பாம்பு தேடும், சும்மா உட்கார்ந்து குளிர்காய்கிறவனை அல்ல. அதனால் பயப்படாதேயுங்கள். அவர் அதைத் தீயில் உதறிவிட்டார்!

காய்ந்ததா என்று எப்படித் தெரியும்? இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டுங்கள். பச்சையாயிருந்தால் தொப்பென்று மந்தமாய்க் கேட்கும். காய்ந்திருந்தால் டங்கென்று மணிபோல் ஒலிக்கும். முனையில் வெடிப்பு விட்டிருக்கும், பட்டை தானாய்க் கழலும், கையில் எடுத்தால் லேசாயிருக்கும். ஈரம் ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே வந்தால் நன்றாக எரியும். சீகையைச் சிறிதாகப் பிளந்தால் ஒரு கோடையில் காய்ந்துவிடும். தடித்த கற்பூரக் கட்டைக்கு ஒரு வருஷமாவது வேண்டும். அதனால் அனுபவசாலிகள் இந்த வருஷ அடுக்கு, அடுத்த வருஷ அடுக்கு என்று இரண்டு வைத்துக்கொண்டு, பழையதை முதலில் எடுப்பார்கள்.

அடுத்த வருஷ அடுக்கு என்றால் என்ன என்று என் தகப்பனாருடைய கடைசி நாட்களில் நான் பார்த்தேன். பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது, கண்பார்வை மங்கிவிட்டது. பைபிளைத் திறக்க முடியாது. நீளமாய் ஜெபிக்க வார்த்தை வராது. ஆனால் வாலிபத்தில் விறகு சுமந்துகொண்டே மனப்பாடம் பண்ணின சங்கீதங்கள் இருந்தன. இருபத்துமூன்றாம் சங்கீதத்தையும் நூற்றிருபத்தொன்றாம் சங்கீதத்தையும் ராத்திரியில் திக்கித்திக்கிச் சொல்லுவார். எங்கள் பெயர்கூட மறந்துபோன நாட்களிலும் அவை வந்தன. நாற்பது வருஷத்துக்கு முன்னே அடுக்கின விறகு அந்த மாரிகாலத்தில் எரிந்தது. வாலிபத் தம்பி தங்கைகளே, இன்று உங்களுக்குக் கண் தெரிகிறது, நினைவு இருக்கிறது. ஒவ்வொரு வாரமும் ஒரு வசனமாவது அடுக்குங்கள்.

5. எரிக்கிற ஒழுங்கு

லேவியராகமம் 6:10, 11-ன்படி ஆசாரியன் காலையில் செய்யும் முதல் வேலை சாம்பலை எடுப்பது. பிறகுதான் விறகு. அடுப்பில் சாம்பல் மூடிக்கிடந்தால் காற்று ஏறாது, நல்ல விறகும் புகையும். நேற்றைய சாம்பலைப் பாளயத்துக்கு வெளியே கொட்டுங்கள். 1995-ல் பெற்ற அபிஷேகத்தையே இன்றும் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தால், அது சாம்பலைக் காட்டிக் குளிர்காயச் சொல்லுகிறதாகும்.

இன்னொரு முக்கிய எச்சரிப்பு, இதைச் சரீரத்துக்கடுத்த காரியமாகவே சொல்லுகிறேன். குளிருக்குப் பயந்து கரி நெருப்பைச் சட்டியில் போட்டு, கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூங்காதேயுங்கள். மூடின அறையில் கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்கிற விஷவாயு சேரும். அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. தலைவலியும் தூக்கமும்போல வரும், பிறகு எழுந்திருக்க மாட்டார்கள். மலைப்பட்டணங்களில் இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. படுக்குமுன் நெருப்பை வெளியே எடுத்துவிடுங்கள், வீட்டுக்கு வரும் விருந்தாளிகளுக்கும் சொல்லுங்கள். நாதாபும் அபியூவும் அந்நிய அக்கினியால் செத்தார்கள் என்று வாசிக்கிறோம் (லேவியராகமம் 10:1, 2). கதகதப்பாய் இருக்கிறதெல்லாம் ஜீவன் தருகிற அக்கினி அல்ல. ஆராய்ந்து பார்க்கிற ஜன்னலை அடைத்துவிட்டு, உணர்ச்சியில் மட்டும் கதகதப்பாய் இருக்கிற கூட்டத்தில் ஆத்துமா தூங்கிப்போகும்.

6. மற்றவர் வீட்டு விறகு

நெகேமியாவின் நாட்களில் ஜனங்கள் எருசலேமுக்குத் திரும்பி, அலங்கத்தைக் கட்டி, உடன்படிக்கை பண்ணினார்கள். பெரிய எழுப்புதல்! அந்த உடன்படிக்கையில் ஒரு எளிய காரியம் எழுதப்பட்டிருக்கிறது. ஆசாரியரும் லேவியரும் ஜனங்களும் சீட்டுப்போட்டு, குடும்பம் குடும்பமாக, வருஷந்தோறும் குறித்த காலத்தில் ஆலயத்துக்கு விறகு கொண்டுவர வேண்டும் (நெகேமியா 10:34). புஸ்தகத்தின் கடைசி வசனத்திலும் நெகேமியா அந்த விறகு காணிக்கையை மறக்காமல் குறிப்பிடுகிறான் (13:31). விறகுக்குப் பொறுப்பாளி இல்லாவிட்டால் எழுப்புதல் நிற்காது என்று அவனுக்குத் தெரியும்.

2019 ஆகஸ்டில் நீலகிரியில் பெருமழை பெய்தது. அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டின வாரம் அது. எங்கள் சபையில் ஒரு வயதான தாயார், தனியாய் இருக்கிறவர். அவர் வீட்டுக் கூரை ஒழுகி, இருந்த விறகெல்லாம் நனைந்துவிட்டது. கேஸ் தீர்ந்துபோயிருந்தது, பாதை அடைபட்டதால் சிலிண்டர் வரவில்லை. இரண்டு நாள் கழித்து வாலிபர்கள் போய்ப் பார்த்தபோது, அந்த அம்மா பச்சைக் குச்சிகளை ஊதி ஊதிக் கண் சிவந்து உட்கார்ந்திருந்தார். "நெருப்பு இருக்குப்பா, பிடிக்கத்தான் மாட்டேங்குது" என்றார். சாறிபாத் விதவை இரண்டு விறகு பொறுக்கினதை நினைத்துக்கொண்டேன் (1 இராஜாக்கள் 17:12). அவளிடத்துக்குக் கர்த்தர் எலியாவை அனுப்பினார். இந்த அம்மாவிடத்துக்கு யாரை அனுப்புவார்? நம்மைத்தானே!

வாலிபர்கள் அன்றைக்கே ஆளுக்கொரு கட்டு காய்ந்த விறகைச் சாக்கில் மூடிச் சுமந்துபோனார்கள். அடுத்த ஞாயிறு ஆராதனைக்குப்பின் பாஸ்டர் ஐயா நெகேமியா 10-ஐ வாசித்தார். குடும்பங்களின் பெயரை எழுதிச் சீட்டுப்போட்டோம். தனியாய் இருக்கிற தாய்மார் நால்வருக்கு எந்தக் குடும்பம் எந்த மாதம் விறகு கொடுக்க வேண்டும் என்று தீர்மானமாயிற்று. இன்றுவரை நடக்கிறது. மே மாதக் கடைசி ஞாயிறுக்குள் நான்கு வீட்டிலும் அடுக்கு நிரம்ப வேண்டும். அந்த வருஷம் தொடங்கி எங்கள் வெள்ளிக்கிழமை ஜெபத்தில் ஒரு புது அனல் இருக்கிறதை நான் காண்கிறேன். அல்லேலூயா!

பிரியமானவர்களே, நீதிமொழிகள் 26:20 சொல்லுகிற நியாயம் எளிது. விறகு தீர்ந்தால் நெருப்பு அணையும். கோள்சொல்லுகிறவனைக் குறித்து அங்கே சொல்லப்பட்டிருக்கிறது. சண்டைக்கு விறகு போடாதேயுங்கள், அது அணையட்டும். ஜெபத்துக்கும் அன்புக்கும் விறகு போடுங்கள், அது எரியட்டும்.

வீட்டு ஜெபக்கூட்டத்தில் பேசிப் பார்க்க:

1. இந்த வாரம் நான் மனப்பாடமாய் அடுக்கப்போகிற வசனம் எது?
2. காலைதோறும் நான் எடுத்துப்போட வேண்டிய சாம்பல் எது?
3. நான் வீசுகிற வார்த்தை யாருக்காவது கழன்ற கோடாரியாய் இருந்திருக்கிறதா? யாரிடத்தில் ஒப்புரவாக வேண்டும்?
4. நம் சபையில் மழைக்கு முன்னே விறகோ, அரிசியோ, மருந்தோ சேர்த்துவைக்க வேண்டிய வீடு எது? சீட்டுப்போட நாம் ஆயத்தமா?

ஜெபம்: அன்புள்ள பரம தகப்பனே, உம்முடைய அக்கினிக்காக ஸ்தோத்திரம். வெயில் இருக்கிற நாட்களில் உழைக்க எங்களுக்குக் கிருபை தாரும். எங்கள் இருதயத்தின் ஈரத்தை உலர்த்தும். தனியாய்க் குளிரில் இருக்கிறவர்களை எங்கள் கண்களுக்குக் காண்பியும். நீர் வருகிறவரைக்கும் எங்கள் வீட்டுப் பலிபீடத்தில் நெருப்பு அணையாதிருக்கட்டும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், ஆமென்.

மாரநாதா!